கதினாவுக்குப் பக்கத்து அடுப்பு

நம் செட்டு ஆட்களுக்கு ஒரு கேள்வி. அறுபதைத் தாண்டி, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காலத்தில், இத்தனை வருஷமும் நீங்கள் யாராக இருந்தீர்கள் என்று மகள் வயதுள்ள ஒரு டாக்டர் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு நன்றாகவே இருந்தது. தங்கையின் பேத்தியைக் காட்டப் போன இடம் அது. குழந்தையின் அம்மாவிடம் டாக்டர் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் உறுத்துகிறது என்று அழுவாளா? வழக்கமாகப் போகிற வழியை மாற்றினால் கோபம் வருமா? கூப்பிட்டால் திரும்புவாளா? மூலையில் உட்கார்ந்திருந்த நான் ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் எனக்கான பதிலைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம் நானே தனியாகப் போய் நின்றேன். மூன்று சிட்டிங். கடைசியில் 'ஆட்டிசம்' என்று சொல்லிவிட்டு, நான் அழுவேன் என்று நினைத்து டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் பெட்டியை நேராக வைத்தேன். கோணலாக இருந்தது.

என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால், 'போடி, நீ நல்லாத்தானே இருந்தே' என்பார்கள். நல்லா இருந்தது எப்படி என்று எனக்கல்லவா தெரியும்! போன் செய்வதற்கு முன்னால் பேச வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். கல்யாண வீட்டுக்குப் போகுமுன் கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவு சிரிக்க வேண்டும் என்று அளவு பார்ப்பேன். பேசுகிறவரின் கண்ணைப் பார்க்க முடியாது, அதனால் இரண்டு புருவத்துக்கும் நடுவில் இருக்கும் பொட்டைப் பார்ப்பேன். பொட்டு வைக்காதவர்களோடு பேசுவது பெரும் பாடு. ரெக்கார்டு ரூம் வேலையைத் தண்டனை என்று எல்லாரும் ஒதுக்கியபோது நான் எழுதிக் கேட்டு வாங்கி, முப்பத்திரண்டு வருஷம் அந்த அமைதியில் ராணி மாதிரி இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் தரையில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடப்பேன். அதை யாரும் பார்த்ததில்லை. யாரும் பார்க்காதபடி பார்த்துக்கொண்டேன்.

இதெல்லாம் பழைய கதை. போன மாதம் என் அம்மாவைக் காது டெஸ்டுக்குக் கூட்டிப்போனதுதான் இதை எழுத உட்கார வைத்தது. அம்மாவுக்கு எண்பத்து நாலு. வாய் இன்னும் எட்டு ஊருக்குக் கேட்கும், காதுதான் போய்விட்டது. கண்ணாடிப் பெட்டி போன்ற அறைக்குள் அம்மாவை உட்கார வைத்து, மாட்டுகிறதை மாட்டி, அந்த டெஸ்ட் பண்ணுகிற பெண் சொன்னாள்: "அம்மே, சவுண்ட் கேட்டா கையத் தூக்கணும், கேட்டோ?" நான் வெளியே நின்று சிரித்துவிட்டேன். அந்தப் பெண் ஒரு மாதிரிப் பார்த்தாள். பின்னே சிரிக்காமல் என்ன செய்ய? இதே வாக்கியத்தை என் ஒன்பதாவது வயதில், இதே ஊரில் நான் கேட்டிருக்கிறேன். அதில்தான் என் தலையெழுத்தே மாறப் பார்த்தது.

அப்போது நாங்கள் ஸ்ரீவராகம் குளத்துக்குப் பின்புறம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே எட்டுக் குடித்தனம், எங்களுடையது மூன்றாவது. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்து, சாலைக் கடைவீதியில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டராக இருந்தார். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. தங்கை கைக்குழந்தை.

சுற்றி இருந்தவர்களுக்கு நான் ஒரு புதிர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். 'கூப்பிட்டாங்க, ஆனா என்ன செய்யணும்னு சொல்லலையே' என்பது என் கணக்கு. அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. ஒரு பவுடர் டப்பா நிறைய பஸ் டிக்கெட் வைத்திருந்தேன். நிறம் வாரியாகப் பிரித்து, ரப்பர் வளையம் போட்டு, தினமும் சாயங்காலம் எடுத்து வரிசை பார்த்து மறுபடி அடுக்குவேன். இளம் பச்சை டிக்கெட்டில் ஒரு வாசனை உண்டு, ஈரச் சுவரும் மையும் கலந்தது மாதிரி. அந்த டப்பா வீடு மாறியபோது எங்கேயோ போயிற்று. இன்றைக்கும் எங்காவது பழைய பேப்பர் கடையைப் பார்த்தால் கண் அதைத் தேடும்.

அந்த வருஷம் வகுப்பு டீச்சர் புதுசு. என் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தார், கையைத் தட்டிப் பார்த்தார், மேசையில் ஸ்கேலால் அடித்தும் பார்த்தார். நான் சிலேட்டிலிருந்து தலை தூக்கவில்லை. ஸ்கேல் சத்தம் என் பல்லு வரைக்கும் போயிற்று, அது வேறு விஷயம். அசையாமல் இருந்தால் சீக்கிரம் முடியும் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பெரிய டீச்சருக்குத் தகவல் போனது. பெரிய டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தின் தலைமை டீச்சர், ஊரே மரியாதை வைத்திருந்த அம்மாள். அம்மாவை வரச்சொல்லி, பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டர். என்னைச் சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் என் காதருகில் குனிந்து, "மோளே, சத்தம் கேட்டால் கையத் தூக்கணும், கேட்டோ?" என்றாள். தெளிவான கட்டளை. எனக்குத் தெளிவான கட்டளை ரொம்பப் பிடிக்கும். உடனே கையைத் தூக்கினேன்.

தூக்கியவள் இறக்கவில்லை. எப்படி இறக்குவேன்? தலைக்கு மேலே பேன் ஓடுகிறது, அதில் ஒரு இறக்கை மட்டும் கிறீச்சென்கிறது. வராந்தாவில் தள்ளுவண்டி. ஜன்னலில் புறா. அடுத்த அறையில் யாரோ ஊசிகளைத் தண்ணீரில் கொதிக்க வைக்கிறார்கள், அவை தட்டில் ஆடுகின்றன. டாக்டரின் செருப்பு, என் அம்மாவின் வளையல். இதற்கெல்லாம் நடுவில் டாக்டர் மணி அடித்தார், தட்டினால் ரீங்கரிக்கிற இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதருகே காட்டினார். அதுவும் கேட்டது. கை ஏற்கெனவே மேலேதானே இருக்கிறது! டாக்டர் வந்து கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். நான் மறுபடி தூக்கினேன். அவர் மறுபடி இறக்கினார். மூன்றாம் முறை அவர் பெருமூச்சு விட்டது நன்றாகக் கேட்டது. கை வலித்தாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு சரியாக யார் செய்திருப்பார்கள்?

டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார். இரண்டு காதும் கேட்காது, சொல்வது விளங்கவும் இல்லை, பயத்தில் கையைத் தூக்குகிறாள் என்று. சீட்டைப் பார்த்த பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை, நல்லதுதான் செய்ய நினைத்தார். வடக்கே ரயிலில் நாலு மணி நேரத் தூரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம் இருக்கிறது, பரீட்சை முடிந்ததும் அங்கே சேர்த்துவிடலாம், படிவத்தை நானே வரவழைக்கிறேன் என்றார். விடுதி என்றால் நாற்பது பேர் படுக்கிற கூடம் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். நாற்பது மூச்சு. நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. கட்டிலுக்கு அடியில் நுழைந்து, சிமென்டுத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, குளத்தில் யாரோ துணி துவைப்பதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

அன்று சாயங்காலம் ஒன்று நடந்தது, சின்னது. நான் பின்வாசலில் டிக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவியபடியே, தனக்குத்தானே சொல்வதுபோல, மூச்சளவு குரலில், "சர்க்கரை போட்டு அவல் வேணும்னா வரலாம்" என்றாள். நான் டிக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவல் கிண்ணத்தை நீட்டினாள். மறுநாள் காலையில் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் கண் சிவந்து திரும்பி வந்தாள். விடுதிக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போது மாசி. எங்கள் ஊரில் மாசி என்றால் பொங்காலை. அடியந்திரம் என்கிற வீட்டு விசேஷம் மாதிரி நாலு சுவருக்குள் நடக்கிற காரியம் இல்லை அது. பெண்கள் தெருவுக்கு வந்து, மூன்று செங்கல்லை வைத்து, மண்கலத்தில் அம்மனுக்குப் பொங்குவது. ஆண்கள் அடுப்பு வரிசைக்குள் வர மாட்டார்கள். கோவில் வாசலில் முதல் அடுப்பு பற்றியதும் பெண்கள் நாக்கைச் சுழற்றி இடும் குரவை எழும், செண்டை மேளம் எழும், கதினா வெடிக்கும். கதினா என்றால் இரும்புக் குழாய்க்குள் மருந்தைக் கெட்டித்து நிலத்தில் நிறுத்திக் கொளுத்துவது. பிறகு அந்தத் தீ ஓலையில் கைமாறிக் கைமாறித் தெருத் தெருவாகப் போகும். இன்றைக்கு ஊர் முழுக்க அடுப்பு. அன்றைக்குக் கோவிலைச் சுற்றிய தெருக்களில்தான்.

நாங்கள் எல்லா வருஷமும் குளத்தங்கரைப் பக்கம் ஒரு மாமரத்தடியில் அடுப்பு வைப்போம். தூரம் என்பதால் வெடி அங்கே லேசாகத்தான் கேட்கும். எனக்கு அந்த மரத்தில் எந்தக் கிளை எங்கே வளைகிறது என்பது வரை தெரியும். அந்த வருஷம் அம்மா லைன் வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். "எம்பிள்ளைக்குக் காது தொறக்கணும்னு நேந்திருக்கேன். இந்தத் தடவ கோவிலுக்குக் கிட்டக்க வச்சுத்தான் அடுப்பு போடுவேன்." எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் காது கேட்காது என்று டாக்டர் சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது. பெற்ற அம்மாவுக்கே என்னைத் தெரியவில்லையே!

அம்மா மூன்று நாள் முன்னாடியே போய் இடம் பிடித்தாள். முக்குத் திரும்பும் இடம், நிழலே கிடையாது, பக்கத்தில் கயிறு கட்டி மூன்று கதினா நட்டிருந்தார்கள். அடுத்த வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "மைனி, கிறுக்கா ஒங்களுக்கு? வெயிலுல வெந்து போவோம். அந்த வெடி வேற செவிடாக்கிரும்."

"நாந்தான் பொங்குதேன், ஒனக்கு என்னட்டி? நீ வேணும்னா மரத்தடிக்குப் போ" என்றாள் அம்மா.

எங்களுக்கு இந்தப் பக்கம் கதினா, அந்தப் பக்கம் பெரிய டீச்சரின் அடுப்பு. அவர் கரை போட்ட வெள்ளை முண்டு உடுத்தி, மூன்று கலம் வைத்திருந்தார். என்னைப் பார்த்து, பாவம் என்பது போலத் தலையை ஆட்டினார். அம்மா பயற்று மாவில் சர்க்கரையைப் போட்டு மண்டைப்புட்டு உருட்டினாள். தலையில் என்ன நோவு இருந்தாலும் தீர்வதற்கு, தலை மாதிரியே உருட்டி அம்மனுக்கு வைப்பது. மற்றவர்கள் வெறும் உருண்டை பிடிப்பார்கள். அம்மா மட்டும் இரண்டு பக்கமும் கிள்ளி இழுத்துக் காது வைத்தாள். பெரிய டீச்சர் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அந்தக் காலை நேரம் எப்படி இருந்தது என்று சொல்லட்டுமா? அடுப்பு எரிக்கக் கொண்டுவந்த தென்னங்கொதும்பும் தேங்காய்ச் சிரட்டையும் வெயிலில் காய்கிற வாசனை. புதுப் பாவாடையின் கஞ்சி இடுப்பை அறுக்கிறது. மைக்கில் ஒருவர் காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்கிறார். எல்லாப் பக்கமும் முழங்கை. மாமரம் இல்லை. என் மரம் எங்கே என்று கேட்டால் அம்மா சுள்ளியை ஒடிக்கிறாள். நான் செங்கல்லில் இருந்த அச்சு எழுத்தைத் தடவிக்கொண்டு, அது முடிந்ததும் முதலிலிருந்து தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோவில் பக்கம் குரவை எழுந்தது. அலை மாதிரி ஒவ்வொரு தெருவாக ஏறி வந்தது. அதை நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். அப்புறம் முதல் கதினா வெடித்தது.

சத்தம் என்று அதைச் சொல்ல மாட்டேன். என் தலைக்குள் வெள்ளையாக ஏதோ கிழிந்தது. நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு குரலில் கத்தினேன். கலத்தைத் தட்டிவிட்டு, பெரிய டீச்சரின் முண்டுக்குள் போய் முகத்தைப் புதைத்தேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். என் கை காதை இறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "கேட்டு! குட்டிக்குக் கேட்டு! அம்மே, தேவீ!" என்று கூவினார். பிள்ளைக்குக் காது கேட்டுவிட்டதாம். சுற்றி இருந்த அத்தனை பெண்களும் குரவை இட்டார்கள். அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். என்னைச் சுற்றி ஆனந்தம் கரைபுரண்டு ஓடுகிறது, நான் நடுவில் செத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் அடுப்பு வரிசைக்குள் ஒரு ஆண்பிள்ளை வந்தார். "ஆம்பிளைக்கு இங்க என்ன காரியம்?" என்று யாரோ அதட்டினார்கள். அப்பா. ஒருநாள்கூட ஓட்டல் அடுப்புக்கு லீவு சொல்லாத மனிதர். யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தலையில் கட்டியிருந்த தோர்த்தை அவிழ்த்தார். தோர்த்து என்றால் இங்கே எல்லாரும் தோளில் போடுகிற மெல்லிய பருத்தித் துண்டு. இரண்டாக மடித்து என் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். முடிச்சு காதுக்கு மேலே விழாமல் பிடரிக்குத் தள்ளிவிட்டார். நல்லெண்ணெயும் வெங்காயமும் கலந்த அந்த வாசனை என் மூக்கில் வந்ததும் உலகம் ஒரு கட்டை கீழே இறங்கியது.

"எனக்கும் அப்பிடித்தான் மக்களே" என்றார். "இன்னும் ரெண்டு இருக்கு. நான் பிடிச்சுக்கிடுதேன், நீ கண்ண மூடிக்கோ."

அப்பா அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசியது அவருக்குப் பெரிய பிரசங்கம்.

பரீட்சை முடிந்தது. விடுதிப் படிவம் வந்த வழியே திரும்பிப் போனது. டாக்டர் சீட்டைப் பெரிய டீச்சர் மடித்து அலமாரியில் போட்டுப் பூட்டினார். அவருக்கு முன்னால் நடந்த அற்புதம் அல்லவா, யார் மறுக்க முடியும்? எனக்கு ஊரில் 'அம்மை காது கொடுத்த குட்டி' என்று பேராயிற்று. ஆட்கள் என்னைத் தொட்டுக் கும்பிட வந்தார்கள். தொட்டால் எனக்குப் பிடிக்காது என்பதைச் சொல்ல அப்போதுதான் வாய் திறந்தேன். அதையும் அம்மனின் கிருபை என்றார்கள்! அடுத்த வருஷம் அம்மா வரம் கிடைத்த இடத்துக்குப் போகாமல் மறுபடி மாமரத்தடியிலேயே அடுப்பு வைத்தாள். நன்றி கெட்டவள் என்று லைன் வீட்டில் ஒரு மாதம் பேச்சு.

அதற்குப் பிறகு என் மனசில் ஒரு தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு என்னைத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. என் நோவு எது என்று தெரியாமல் அம்மா அம்மனிடம் காதைத் திறக்கச் சொன்னாள். எனக்கு வேண்டியது அதை மூட ஒரு துண்டு, அதை அப்பா கொண்டுவந்தார். அவ்வளவு அடுப்புகளுக்கு நடுவில் அவர் எப்படி என்னைச் சரியாகக் கண்டுபிடித்தார் என்று யோசிப்பேன். என்னைப் போலவே இருந்ததால்தான் என்று முடிவு கட்டினேன். இன்றைக்கு யோசித்தால் அப்பாவும் என் ரகம்தான், சந்தேகமே இல்லை. ஒரே தட்டு, ஒரே மூலை, தினமும் தயிர்சாதம். மத்தியானக் கூட்டத்தில் காதை மூடித் தோர்த்தைக் கட்டிக்கொள்வாராம். ஓட்டல் முதலாளி அதைத் திமிர் என்று நினைத்தார். இதற்கு இன்ன பேர் என்று அவரிடம் சொல்ல யாரும் இல்லாமலே போய்ச் சேர்ந்தார். அந்தத் தோர்த்து நைந்து, கரித்துணியாகி, ஒருநாள் இல்லாமல் போயிற்று. அம்மாவிடம் நான் மரியாதையாக இருந்தேன், செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். அந்தத் தீர்ப்பை மட்டும் மாற்றவில்லை.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். கண்ணாடி அறைக்குள் அம்மாவின் கை ரொம்ப நேரம் மடியிலேயே கிடந்தது. பிறகு டெஸ்ட் முடிந்து, பத்து நாளில் இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். அறைக்குள் இருந்தவரை "ஆகா, மணி மாதிரி கேக்குட்டி" என்று குதூகலித்தவள், கிழக்கேகோட்டை வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரே நேரத்தில் நாலு பஸ் ஆரன் அடிக்கிறது, கண்டக்டர்கள் ஊர் பெயரைக் கூவுகிறார்கள், ஒரு கடையில் ஸ்பீக்கர், பின்னால் ஒரு புல்லட். அம்மாவின் நகம் என் தோலில் பதிந்தது.

"ஏட்டி, இது என்னட்டி இப்பிடி இரையுது?"

"பஸ் ஸ்டாண்டும்மா. எப்பவும் இப்படித்தான்."

"தலைக்குள்ள அடிக்கே!" இரண்டு கையையும் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒனக்கு இப்பிடித்தான் கேக்குமா?"

"ஆமா."

"பொறந்ததுலேருந்தா?"

"ஆமாம்மா."

டிராபிக்கில் ஆட்டோ நகரவில்லை. அம்மா மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"அந்த வெடிக்குப் பக்கத்துல ஒன்னயக் கொண்டு வச்சது தெரியாமப் பண்ணதில்லட்டி. தெரிஞ்சேதான் பண்ணுனேன்."

எனக்கு விளங்கவில்லை. அம்மாவே தொடர்ந்தாள்: "ஒனக்குக் காது கேக்கும்னு எனக்குத் தெரியாதா? அவல் தாரேன்னு மூச்சுவிட்டாலே ஓடி வந்தவ. மக்யா நாளு விடிஞ்சதும் போயி பெரிய டீச்சர்ட்ட சொன்னேன். பெத்தவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க, டாக்டர் எழுதியாச்சுன்னுட்டா. தோசை மாஸ்டர் பெண்டாட்டி பேச்சு சீட்டுக்கு முன்னால எடுபடுமா? அவ கண்ணால பாத்தாத்தான் நம்புவா. அதான் அவ அடுப்புக்கும் வெடிக்கும் நடுவுல எடம் பிடிச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"ஒங்கிட்டயா? நீ அப்பிடியே போயி டீச்சர்ட்ட ஒப்பிச்சிருவ. என்னைக்குட்டி நீ பொய் சொல்லியிருக்க?"

அது நியாயம். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"அவர்ட்டதான சொல்லி வச்சேன். விடியமின்ன வந்து முக்குல நில்லுங்க, மூணு வெடி இருக்கு, மொத வெடி வெடிச்சதும் தோர்த்த எடுத்துக்கிட்டு ஓடியாங்க, நான் கும்பிட்டுக் கெடக்கணும், பிள்ளயப் பிடிக்க முடியாதுன்னு சொன்னேன். பாவம் மனுசன், வெடி சத்தம்னா அவருக்கே ஆவாது. அன்னைக்கு அம்மன்ட்ட வேற என்னத்தக் கேட்டேன்? எம்பிள்ளய எங்கிட்டயே விட்டுரு தாயேன்னுதான்."

எதிரே வந்த பஸ் நீளமாக ஆரன் அடித்தது. அம்மா உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். கண்ணில் நீர் நின்றது.

"நோவும்னு தெரியும்ட்டி. இவ்வளவு நோவும்னு தெரியாது."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "அம்மே, அந்த மெஷின ஆப் செய்தா போதுமல்லோ" என்றார்.

"நீ முன்னாலப் பாத்து ஓட்டு மோனே" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "துண்டு ஏதாவது வச்சிருக்கியாட்டி?" என்றாள்.

என் தோளில் பருத்தித் துப்பட்டா இருந்தது. அதை இரண்டாக மடித்து, மெஷினோடு சேர்த்து அம்மாவின் காதை மூடிக் கட்டினேன். முடிச்சைப் பிடரிக்குத் தள்ளினேன்.

"அவரு கட்டுன மாதிரியே கட்டுதியே" என்றாள் அம்மா.